கயிற்றை இழுப்பதை நிறுத்துவோம்



நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய சனிக்கிழமை, காலடிப்பேட்டை அன்பியத்திலிருந்து நாங்கள் 11 பேர் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யப் போனோம். கையில் பழைய புல் வெட்டும் மெஷின். ஓராண்டாக மூலையில் கிடந்தது.

கயிற்றை இழுத்தோம். ஓடவில்லை. மாறி மாறி இழுத்தோம். கை வலித்தது, கோபமும் வந்தது. "பழைய இரும்புக் கடையில் போடுங்க" என்றார் ஒருவர். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட் வண்டிகளை உருவாக்கிய ஊர் திருவொற்றியூர். அந்த ஊர்க்காரர்களான எங்களுக்கு ஒரு சிறிய என்ஜின் அடங்கவில்லை!

எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், காசிமேட்டில் ஃபைபர் படகுகளின் என்ஜினைப் பழுதுபார்ப்பவர். "இழுத்தது போதும்பா. எங்க கோளாறுன்னு அதையே கேப்போம்" என்றார்.

இப்படிப்பட்ட என்ஜின் ஓடாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: தீப்பொறி, பெட்ரோல், காற்று. அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அது காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அளவுக்கு மீறி வந்திருக்கிறது. எங்கள் பிளக் நனைந்திருந்தது. சோக்கை மூடியபடியே நாங்கள் இழுத்த ஒவ்வோர் இழுப்பும் உள்ளே பெட்ரோலைத்தான் நிரப்பியிருக்கிறது. "பாதிக் கோளாறு நாம செஞ்சது" என்றார் பெரியவர்.

பிளக்கைத் துடைத்து, கரியைச் சுரண்டி, சோக்கைத் திறந்து, தேங்கியதை வெளியேற்றி, காயவிட்டுப் பொருத்தினார். என்ஜின் ஓடியது. சில நொடிகளில் நின்றது.

மீதிப் பாதி டாங்கில் இருந்தது. போன வருடத்துப் பெட்ரோல். மாதக்கணக்கில் கிடந்தால் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிஞ்சுவது பிசினாகி, கார்பரேட்டரின் நுண்ணிய துளையை அடைக்கும். பழையதை வடித்தெடுத்தார். கார்பரேட்டரைக் கழுவினார். புழுதி அடைத்த ஏர் ஃபில்டரைத் தட்டினார். டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த புதுப் பெட்ரோலை ஊற்றினார். மூன்றாவது இழுப்பில் ஓடியது, நிற்கவில்லை.

மதியம் மரத்தடியில் சாப்பிடும்போது எங்களில் ஒரு தந்தை மெதுவாகச் சொன்னார்: "நானும் வீட்டுல கயித்தைத்தான் இழுத்துக்கிட்டு இருக்கேன்." அவருடைய மகன் ஐ.டி.ஐ. படிப்பைப் பாதியில் விட்டு 8 மாதம். தினமும் திட்டு; மகன் பேசுவதையே நிறுத்திவிட்டான். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் வீடுகளிலும் அப்படி ஒரு கயிறு இருக்கிறது.

அன்பானவர்களே, லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் காய்க்காத அத்திமரத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகள் ஏமாந்த உரிமையாளர் வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு கேட்கிறார். மரத்தைத் திட்டவில்லை. சுற்றிலும் கொத்தி, எருப் போட முன்வருகிறார். மரம் காய்த்ததா? இயேசு சொல்லவில்லை. காய்க்கும் என்ற உறுதி இல்லாமலேயே குனிந்து மண்ணைக் கொத்துவதுதான் அன்பு.

அந்தத் தந்தையின் அனுமதியோடு இதைச் சொல்கிறோம். அன்றிரவு மகனிடம், "என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. வகுப்பில் பட்ட ஓர் அவமானத்தை அவன் யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்திருந்தான். இன்னும் அவன் படிக்கப் போகவில்லை. ஆனால் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

மெஷினை எடுத்து வைக்கும்போது பெரியவர் சொன்ன கடைசிப் பாடம்: டாங்கைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் சினம் தணியட்டும் என்று தூய பவுல் எபேசியருக்கு எழுதியதும் இதற்காகத்தான். தேங்கவிட்ட கோபமும் பிசினாகும்.

இந்த வாரம், 'இது தேறாது' என்று நாம் ஒதுக்கிவைத்த ஒருவரிடம் போவோம். கயிற்றை விட்டுவிட்டு, ஒரு கேள்வி கேட்போம், பதிலுக்குக் காத்திருப்போம்.

ஆண்டவரே, எங்களுக்காக ஆண்டுதோறும் தவணை கேட்பவரே, எங்கள் கைகளுக்குப் பொறுமை தாரும். ஆமென்.