அவை நகைத்தது, வினா நின்றது
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அரசியலாளர்க்கு நகைச்சுவை எத்துணைப் பயன்படும் என்பது குறித்துச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பலர் கதைகளைக் கோத்துக் கூறாது, அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ரொனால்டு ரீகன் ஒருவரையே எடுத்துக்கொள்கின்றோம்.

1981-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் ஒருவன் அவரைச் சுட்டான். குண்டு நுரையீரலைத் துளைத்தது. அந்நிலையிலும் அவர் வைத்தியர்களை நோக்கி, நீங்கள் அனைவரும் நம் குடியரசுக் கட்சியினர்தாமே என்னும் பொருள்பட வினவினார். மாற்றுக் கட்சியைச் சார்ந்த வைத்தியர் ஒருவர், இன்று யாம் எல்லோரும் அக்கட்சியினரே என்று விடையிறுத்தார். இதனைக் கேட்ட நாட்டார் கலக்கந் தணிந்தனர்.

மற்றொன்று கேண்மின். 1984-இல் மீண்டும் தேர்தலுக்கு நின்றபோது அவர்க்கு வயது 73. எதிர்நின்ற வால்டர் மாண்டேலுக்கு 56. அக்டோபர் 7-ஆம் நாள் நிகழ்ந்த முதல் வாதத்தில் ரீகன் தடுமாறினார். மூப்பு அவரை மேற்கொண்டதோ என்னும் ஐயம் எங்கும் எழுந்தது. 21-ஆம் நாள் கான்சாஸ் நகரத்து வாதத்தில் பத்திரிகையாளர் ஒருவர் அதனை நேரே கேட்டுவிட்டார். 1962-இல் கியூபா நெருக்கடியின்போது கென்னடி பல நாள் உறக்கங் குன்றி உழைத்தாரே, அத்தகைய நிலை நேரின் நும்மால் இயலுமோ என்பது வினா. தக்க வினாவே. ரீகனோ, இத்தேர்தலில் வயதைப்பற்றிப் பேசப்போவதில்லை என்றும், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் இலாபத்துக்குப் பயன்படுத்தேன் என்றும் கூறினார்! அவை அதிர நகைத்தது. மாண்டேலும் நகைத்தார். செனட்டராயும் உபஜனாதிபதியாயும் இருந்தவரையா இளையர் என்பது! நகை பிறக்கும் இடங்களுள் இளமையையும் ஒன்றாக வைத்த தொல்காப்பியர் கேட்டிருப்பின் தாமும் முறுவலித்திருப்பர். நவம்பரில் 50 மாகாணங்களுள் 49 ரீகன்பாற் சென்றன. அச்சொல் ஒன்றே காரணமென்னேம்; நாட்டின் பொருள்நிலை சீர்பட்டிருந்ததும் பெருங்காரணம்.

ஆயின், வினாவுக்கு விடை யாது? விடையே இல்லை. தாமும் உடன் நகைத்துவிட்ட பின்னர் அதனை மீட்டும் எழுப்புவது எங்ஙனம்? பத்தாண்டு கழித்து, 1994 நவம்பர் 5-ஆம் நாள், நினைவை அழிக்கும் அல்சைமர் நோய் தமக்கு உளதென ரீகன் தம் கையாலெழுதிய கடிதத்தால் நாட்டார்க்கு அறிவித்தார். பதவியிலிருந்தபோதே அது தோன்றிற்றென்று யாம் கூறோம்; அவருடைய வைத்தியர்கள் அதனை மறுத்துள்ளனர். கேட்ட வினா கேட்டபடியே நின்றதென்பதே எம் கருத்து.

பிறரைமட்டுங் குறைகூறுதல் தகாது. யாமும் ஒருமுறை, எமக்கு விடை தெரியாத இலக்கண வினாவொன்றைக் கேட்ட மாணவனை வகுப்பில் நகையாடி அமரச்செய்தோம். வகுப்பு முழுதும் நகைத்தது, அவனும் நகைத்தான். அவ்வாண்டு முடியுமட்டும் அவன் வேறொன்றுங் கேட்டிலன்.