கதவடிக்கு முதலில் வந்தது பொலிஸ்

(மெல்பேர்ணில் நடந்த எமது சந்திப்பில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



"அடுத்த பெருந்தொற்று வந்தால் அரசாங்கம் என்ன செய்ய வேணும்" என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நான் டொக்டர் இல்லை. கிருமியைப் பற்றிக் கதைக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் 2020 இல் முதியோர் இல்லத்தில் கசுவலாக வேலை செய்தவள். அதனால் ஒரு இரவிலிருந்து தொடங்குறன்.

2020 யூலை 4, சனிக்கிழமை. என்னோட வேலை செய்த சோமாலியப் பெண் ஒருத்தி நோர்த் மெல்பேர்ணில் ஹவுசிங் கொமிஷன் மாடியில் இருந்தவ. அன்றைக்கு அவவுக்கு இரவு வேலை. வெளிக்கிட்டுக் கீழே வந்தால் வாசல் முழுக்கப் பொலிஸ். "மேலே போ" என்று சொல்லியிருக்கினம். ஏன், எத்தனை நாளைக்கு என்று கேட்டதுக்கு அங்கே நின்றவைக்கே மறுமொழி தெரியேல்லை. மேலே ஏறிப்போய் ரீவியைப் போட்டுப் பார்த்துத்தான் தன்ர வீடு பூட்டப்பட்டதை அவ அறிஞ்சவ.

அவ வராததால் சூப்பர்வைசர் எனக்குப் போன் அடிச்சார். எனக்கு அன்று காலையிலிருந்து தொண்டை நோவு. இதை நான் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நான் போனன். போகாவிட்டால் அந்த இரவுக்குச் சம்பளம் இல்லை. இரண்டு தரம் ஏலாது என்றால் மூன்றாம் தரம் போனே வராது. வாடகை அடுத்த கிழமை. மாஸ்க்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எண்பது தொண்ணூறு வயது ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திப்போட்டு விடிய வீட்டுக்கு வந்தன். இரண்டு நாள் கழிச்சுப் பரிசோதனை செய்தன். தொற்று இல்லை என்று வந்தது. அது என்ர அதிர்ஷ்டம். அதில் அரசாங்கத்தின் திட்டம் ஒன்றும் இல்லை.

யோசிச்சுப் பாருங்கோ. ஒரு வருத்தமும் இல்லாத அந்தப் பெண்ணை மறிக்கப் பொலிஸ் நின்றது. தொண்டை நோவோட முதியோர் இல்லத்துக்குள் போன என்னை மறிக்க ஒன்றும் இருக்கேல்லை. என்னை மறிக்கப் பொலிஸ் தேவையும் இல்லை. ஒரு இரவுச் சம்பளம் போதும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதுக்கான விளக்கம்.

இப்போது அந்த மாடிகளில் நடந்ததைப் பார்ப்போம். பிளெமிங்டனிலும் நோர்த் மெல்பேர்ணிலும் ஒன்பது கட்டடங்கள். ஏறத்தாழ 3,000 பேர். கிழக்கு ஆபிரிக்கா, வியட்நாம், மத்திய கிழக்கு என்று போர்களுக்குத் தப்பி வந்த சனம் நிறைய. அன்று அங்கே கண்டறியப்பட்டிருந்த தொற்றுகள் 23. அன்று பின்னேரம் பிரிமியர் டானியல் அன்ட்ரூஸ் அறிவித்த கையோடு பூட்டு விழுந்தது. ஒரு ஷிப்டுக்கு 500 பொலிஸ். பலருக்கு அறிவித்தல் காதில் விழமுதல் பொலிஸ்தான் கண்ணில் பட்டது. மருந்துக்குக் காத்திருந்தவை, பிள்ளைக்குப் பால்மா இல்லாமல் தவிச்சவை, முஸ்லிம்களாய் இருந்தும் ஹலால் இல்லாத சாப்பாடு கிடைச்சவை என்று அந்த நாட்களின் கதைகள் ஏராளம். அவரவர் மொழியில் தகவல் போய்ச்சேரவே நாட்கள் எடுத்தது. அந்த இடைவெளியை நிரப்பினது அந்தச் சமூகத்துப் பெடியள். அவுஸ்திரேலிய முஸ்லிம் சமூக சேவை அமைப்பின் இளையோர் சாப்பாட்டுப் பெட்டிகளை மலைமாதிரிக் குவிச்சவை. சீக்கியத் தொண்டர்களும் சமைச்சுக் கொண்டுவந்தவை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதே தபால் எண்ணுக்குள், அதே தெருவில், தனி வீடுகளில் இருந்தவர்கள் நான்கு காரணங்களுக்காக வெளியே போகலாம்: சாமான் வாங்க, வேலைக்கு, பராமரிப்புக்கு, உடற்பயிற்சிக்கு. மாடியில் இருந்தவர்கள் ஒரு காரணத்துக்கும் கதவைத் தாண்ட முடியாது. எட்டுக் கட்டடங்களுக்கு ஐந்து நாள். 33 அல்பிரட் ஸ்ட்ரீட்டுக்கு இரண்டு கிழமை.

அந்த டிசம்பரில் விக்டோரியா ஒம்புட்ஸ்மன் டெபோரா கிளாஸ் விசாரணை அறிக்கையை வெளியிட்டார். இடதுசாரிகளாகிய நாங்கள் அதைக் கவனமாக வாசிக்க வேணும். கட்டடத்தைத் தற்காலிகமாக மூடியது பிழை என்று அவர் சொல்லவில்லை. ஆபத்து உண்மையாகவே இருந்தது. ஆனால், அறிவித்த கணமே மூடியது சுகாதார ஆலோசனையின்படி நடந்ததில்லை, அது மனித உரிமைச் சாசனச் சட்டத்துக்கு முரண் என்றார். உத்தரவில் ஒப்பமிட்ட சுகாதார அதிகாரிக்கு அதை வாசித்து யோசிக்கக் கிடைத்தது ஏறத்தாழ 15 நிமிடம். பூட்டு அடுத்த நாள்தான் விழும் என்றே அவர் எதிர்பார்த்திருந்தார். ஒரு நாள் அவகாசம் இருந்திருந்தால் சாப்பாடும் மருந்தும் மொழிபெயர்ப்பாளரும் முதலில் வந்திருக்கலாம். அரசு மன்னிப்புக் கேட்க மறுத்தது. 2023 இல் கூட்டு வழக்கொன்று 50 இலட்சம் டொலருடன் தீர்க்கப்பட்டது.

எங்களுக்கு இதில் ஒரு தனி வலி இருக்கிறது. 'ஊரடங்கு' என்ற சொல்லைக் கேட்டால் வைத்தியமா எங்கட நினைவுக்கு வரும்? ஆமிக்காரன், சுற்றிவளைப்பு, தலையாட்டி, வரிசையில் குந்தியிருந்த வெயில். 2020 மார்ச்சில் இலங்கை அரசு தொற்றைச் சமாளிக்கும் பொறுப்பை இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவிடம் கொடுத்தது. ஊரடங்கை மீறியதாக 60,000க்கும் மேற்பட்டோர் கைதாகினர். முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், அதை நிறுத்த 2021 பெப்ரவரி வரை எடுத்தது. நோயாளியை எதிரியாகப் பார்க்கும் அரசு எப்படி இருக்கும் என்று எங்களுக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஆனால் இதிலிருந்து தப்பான பாடத்தைப் படிக்கக்கூடாது. "முடக்கமே பாசிசம்" என்று எங்கட ஆட்களில் சிலரும் கதைத்தார்கள். நான் அதை ஏற்கேல்லை. மெல்பேர்ண் 112 நாள் மூடிக் கிடந்தது. ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரே நாளில் 700க்கு மேல் போன தொற்று, ஒக்டோபர் 26 அன்று பூச்சியத்துக்கு வந்தது. தடுப்பூசி இல்லாத காலம் அது. இரண்டாம் அலையில் விக்டோரியாவின் முதியோர் இல்லங்களில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அறைகளைத் துடைத்தவள் நான். திறந்து விட்டிருந்தால் இன்னும் எத்தனை கட்டில் காலியாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பெருந்தொற்றில் சும்மா விடுவது சுதந்திரம் இல்லை. காசுள்ளவன் வீட்டுக்குள் இருந்து தப்புவான், எங்களைப் போன்றவர்கள் வேலைக்குப் போய்ச் சாவோம்.

ஆகவே கட்டுப்படுத்த வேணும். கேள்வி, எதைக் கொண்டு என்பதுதான்.

யூலை 22 ஆம் திகதி அன்ட்ரூஸே ஒரு கணக்கைச் சொன்னார். அதற்கு முந்திய இரண்டு கிழமைத் தொற்றாளர்களில் பத்தில் ஒன்பது பேர், உடம்பு சரியில்லை என்று உணர்ந்த நாளுக்கும் பரிசோதனை நாளுக்கும் இடையில் தனிமைப்படவில்லை. பரிசோதனை செய்து முடிவுக்குக் காத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் வெளியே நடமாடினார்கள். ஏன்? சுகயீன லீவு இல்லாத வேலை என்று அவரே ஒத்துக்கொண்டார். அதன்பிறகுதான் முடிவுக்குக் காத்திருப்போருக்கு 300 டொலர் வந்தது, பிறகு 450 ஆனது. மறுபக்கம், விதியை மீறினால் தெருவிலேயே 1,652 டொலர் தண்டம். தண்டம் முதல் வந்தது, கொடுப்பனவு பிறகு வந்தது. இந்த ஒழுங்கைத்தான் தலைகீழாக்க வேணும்.

இரண்டாம் அலை எங்கிருந்து வந்தது? வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தங்க வைத்த ஹோட்டல்களிலிருந்து. அங்கே காவல் யார்? தனியார் நிறுவனங்கள், அவைக்குக் கீழே உப ஒப்பந்தக்காரர், அவைக்குக் கீழே கசுவல் காவலாளிகள். ஒழுங்கான பயிற்சியும் இல்லை, சுகயீன லீவும் இல்லை. பலர் இன்னொரு வேலைக்கும் ஓடினார்கள். முன்னாள் நீதிபதி ஜெனிபர் கோட் விசாரித்தபோது, தனியாரிடம் கொடுக்கும் முடிவை எடுத்தது யார் என்று ஒரு அமைச்சராலும் அதிகாரியாலும் சொல்ல முடியேல்லை. அந்த அலையில் 18,000க்கு மேல் தொற்று, 768 மரணங்கள். 3,000 ஏழைகளைப் பூட்ட 15 நிமிடத்தில் ஒப்பம் கிடைத்தது. மலிவான ஒப்பந்தத்துக்கு ஒப்பமிட்டவர் ஒருவரும் இல்லை.

கன்பராவின் பங்கையும் மறக்கக்கூடாது. 2020 ஏப்ரலில் ஸ்கொட் மொரிசன் தற்காலிக விசாக்காரரைப் பார்த்து, தங்களைத் தாங்களே பார்க்க முடியாவிட்டால் ஊருக்குப் போகவேண்டியதுதான் என்ற கருத்தில் பேசினார். ஜொப்கீப்பரும் இல்லை, ஜொப்சீக்கரும் இல்லை. பிரிட்ஜிங் விசாவில் இருந்த எங்கட பெடியள் இறைச்சித் தொழிற்சாலையிலும் பண்டகசாலையிலும் தோளோடு தோள் உரச நின்றார்கள். போக ஊர் இல்லாமல் வந்தவனை ஊருக்குப் போ என்றால் அவன் வேலைக்குத்தான் போவான்.

அடுத்த வருசம் சிட்னி. டெல்டா அலை தொடங்கினது பொண்டை பக்கம். ஆனால் 2021 ஓகஸ்டில் இராணுவம் இறங்கினது மேற்கு, தென்மேற்குப் பகுதிகளில். இரவு 9 மணியிலிருந்து விடிய 5 மணிவரை ஊரடங்கும் அங்கேதான். கம்பர்லாண்ட், பரமற்றா, பிளக்டவுன். பென்டில் ஹில், வென்ற்வேர்த்வில் என்று எங்கட சனம் செறிந்த இடங்கள். கதவைத் தட்டி வந்த சிப்பாயிடம் ஆயுதம் இல்லைத்தான். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அம்மா சீருடையைத்தான் முதலில் பார்ப்பா, இடுப்பில் துவக்கு இருக்கா என்று ஆராயமாட்டா. நியூ சவுத் வேல்ஸில் எழுதிய தண்டங்களில் 33,000க்கு மேற்பட்டவற்றை 2022 இல் அரசே மீளப் பெற்றது. குற்றம் என்னவென்று பத்திரத்தில் ஒழுங்காக எழுதியிருக்கவில்லை.

"வலதுசாரி அரசுகள் அப்படித்தான்" என்று தப்பிக்க முடியாது. மெல்பேர்ணில் இருந்தது தொழிற்கட்சி. கேரளத்தில் எங்கட தோழர்கள் பொதுச் சமையலறை நடத்தினார்கள், புலம்பெயர் தொழிலாளரை விருந்தினர் என்று அழைத்தார்கள். மெத்தச் சரி. அதே கேரளத்தில், மெல்பேர்ண் மாடிகள் பூட்டிக் கிடந்த அதே கிழமை, பூந்துறை என்ற மீனவக் கிராமத்துக்குக் கமாண்டோக்கள் அனுப்பப்பட்டார்கள். சனம் தெருவுக்கு வந்து சுகாதார ஊழியரை மறித்தது. சில நாளில் அதே சனம் சுகாதார ஊழியருக்குப் பூத்தூவி வரவேற்பும் கொடுத்தது. நம்பிக்கையை உடைக்கவும் முடியும், கட்டவும் முடியும். இரண்டும் சில நாளுக்குள்.

வேற வழி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. இங்கேயே இருந்தது. அந்த யூலைக்குப் பிறகு மாடிக் கட்டடங்களில் சமூக சுகாதார நிலையங்கள் அங்கே வசிப்பவர்களையே சம்பளத்துக்கு எடுத்தன. லிஃப்ட் வாசலில் மாஸ்க்கும் சனிடைசரும் கொடுத்து, தங்கட மொழியில் விளக்கி, பரிசோதனைக்குக் கூட்டிப்போனவர்கள் அவர்கள்தான். அதே ஆள் அதே வாசலில் யூன் மாதமே நின்றிருக்கலாம்.

இனி எங்கட தவறு. 2021 நவம்பரில் விக்டோரியா புதிய பெருந்தொற்றுச் சட்டம் கொண்டுவந்தபோது ஸ்பிறிங் ஸ்ட்ரீட்டில் தூக்குமரத்தோடு வந்து நின்றது தீவிர வலது. உத்தரவுக்கான சுகாதாரக் காரணத்தையும் மனித உரிமை மதிப்பீட்டையும் வெளியிடவேணும் என்றது அந்தச் சட்டம். மாடிச் சனத்துக்கு 2020 இல் கிடைக்காதது அதுதான். சுதந்திரம் என்ற சொல்லை நாங்கள் அவர்களிடம் விட்டுப்போட்டு, அரசைக் காப்பாற்றும் வேலையில் வாய்மூடி இருந்தோம். நானும்தான்.

ஆகவே நாங்கள் கேட்கவேண்டியவை: கசுவல் ஊழியருக்கு நிரந்தரச் சம்பளத்துடன் சுகயீன லீவு. 2022 இல் விக்டோரியா பரிசோதனைத் திட்டமாகத் தந்த 38 மணித்தியாலம் முழு நாட்டுக்கும் சட்டமாக வேணும். விசா எதுவானாலும் தனிமைப்படுத்தலுக்கு ஒரே கொடுப்பனவு. முதியோர் பராமரிப்பும் தனிமைப்படுத்தலும் இலாபக்காரர் கையில் இருக்கக்கூடாது. ஒரு கட்டடத்தை மூடினால், பொலிஸுக்கு முதல் தாதியும் மொழி தெரிந்தவரும் சாப்பாடும் வரவேணும். பொலிஸ் கடைசி.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறன். 2023 செப்ரெம்பரில், மெல்பேர்ணின் 44 பொது வீட்டு மாடிகளையும் இடிக்கப்போவதாக அரசு அறிவித்தது. முதல் வரிசையில் 33 அல்பிரட் ஸ்ட்ரீட். அப்போது அந்தப் பெண்ணோட கதைச்சன். அவ கேட்டா, "அண்டைக்கு வெளியில வரக்கூடாது எண்டினம். இண்டைக்கு உள்ளுக்க இருக்கக்கூடாது எண்டினம். எப்பவாவது எங்களிட்டக் கேட்டவையா?"

எனக்கு மறுமொழி இருக்கேல்லை.