உங்கள் அரிசிக்குக் கணக்கு

(மலையகத்துக்கு நிவாரணம் சேர்த்து அனுப்பிய ஆரையம்பதி மக்கள் முன்னிலையில், எமது சங்கத்தின் அமைப்பாளரும் தோட்டப் பாடசாலை ஆசிரியருமான தோழர் ஆற்றிய உரை.)



இந்த ஊரில் பிறந்தவன் நான். ஆசிரியர் நியமனம் கிடைத்துப் பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. அங்கே என்னை ‘மட்டக்களப்பு சேர்’ என்கிறார்கள். இங்கே வந்தால் ‘தோட்டத்து மாஸ்டர்’ என்கிறீர்கள். இன்று இரண்டு பெயருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா அடித்தது. நாடு முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் பலியானார்கள். மலையகத்தில் காற்றைவிட மண்தான் கொன்றது. உங்கள் வளவுகளிலும் வெள்ளம் நின்ற நேரம் அது. அப்படியிருந்தும் வீடு வீடாகச் சேர்த்து, பத்துக் கிலோ மூட்டைகளாக 120 மூட்டை அரிசி அனுப்பினீர்கள். அந்த 120 மூட்டைக்கும் கணக்குச் சொல்லத்தான் வந்தேன். கணக்கு நேராக இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லொறி தோட்டத்துக்குள் வந்த அன்று மாலை, மேல் டிவிசனுக்குப் பிரியும் முடக்கில் இளைஞர்கள் கல்லைப் போட்டு மறித்தார்கள். 38 மூட்டையை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். சாரதிக்கு அடி விழவில்லை, ஆனால் பயந்துவிட்டார். மறுநாள் எங்கள் சங்கக் கிளையே பொலிசில் முறைப்பாடு கொடுத்தது. முறைப்பாட்டில் ‘நிவாரணக் கொள்ளை’ என்று எழுதியிருக்கிறது. மூன்று பையன்களின் பெயரும் இருக்கிறது. மூவரில் ஒருவன் என்னிடம் படித்தவன்.

இந்தச் செய்தி உங்கள் காதுக்கும் வந்திருக்கிறது. “நாங்க கஷ்டப்பட்டுச் சேர்த்துக் குடுக்க, வழியில பறிக்கிறாங்களாமே” என்று பஸ்ஸில் ஒரு அக்கா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லுமுன் இந்த ஊர்க் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1978 நவம்பர் 23. அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. கிடுகு வீடு முதல் வீச்சிலேயே போய்விட, பக்கத்துக் கல்வீட்டில் மேசைக்கு அடியில் இரவைக் கழித்தார்களாம். விடிந்து வெளியே வந்தபோது ஊர் ஒரே வெளிச்சமாகக் கிடந்தது என்பார். தென்னை நிழல் இல்லாத ஆரையம்பதியை அன்றுதான் முதல்முதலாகக் கண்டாராம். அந்த ஒரு சூறாவளியில் 900 பேருக்கு மேல் மாண்டார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு, ஏறத்தாழ 28,000 ஏக்கர், அழிந்தது. பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பது நாசமாயின. மண்முனையில் இப்போதுள்ள பாலம் 2014இல் திறந்தது. அன்றைக்கு அந்த வழியே படுவான்கரைக்குப் போவதென்றால் வாவியைப் படகில்தான் கடக்க வேண்டும்.

பசித்த ஊரில் தரை முழுக்கத் தேங்காய். அம்மாவும் சின்னம்மாவும் சட்டை மடியில் ஏழு தேங்காய் பொறுக்கியிருக்கிறார்கள். தோட்டக்காரர் காவலுக்கு ஆள் வைத்திருந்தார். அவன் பிடித்து, தேங்காயைப் பறித்து, ‘கள்ளிகள்’ என்று சந்தியில் நிறுத்தி ஏசினானாம். அம்மா இன்றைக்கும் சொல்வார்: “மனே, ஏழு தேங்காய்க்குக் கள்ளி எண்டான். மறுகா அந்தக் குவியல்ல குரும்பையும் இளநியும் அழுகின மணத்துல அந்தப் பக்கம் போகேலாது.”

அதோடு நிறுத்தினால் அம்மா எல்லாரையும் மன்னித்துவிட்டார் என்று நினைப்பீர்கள். இல்லை. அதே கிழமை, சூறாவளியில் புருசனைப் பறிகொடுத்த ஒருத்தியின் வளவில் கிடந்த கூரைத் தகரத்தை இரவோடு இரவாக யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். “அது களவு” என்பார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தது. எங்கள் கிளை எழுதிய முறைப்பாட்டில் அந்த வித்தியாசம் இல்லை.

இன்னொன்றும் சொல்வார். நிவாரண வரிசையில் தோட்டப் பேச்சுப் பேசுகிற ஒரு குடும்பம் நின்றதாம். 1977 ஓகஸ்ட் வன்செயலில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு இந்த மாவட்டத்துக்கு வந்து குடிசை போட்டவர்கள். பட்டியல் வைத்திருந்தவர் “எந்த ஊர் ஆக்கள்?” என்று கேட்டு, பெயர் இல்லையென்று ஒதுக்கி நிறுத்தினாராம். இந்தப் பகுதியை நான் சின்ன வயதில் கவனித்துக் கேட்டதே இல்லை.

அழிவு வந்ததும் பெரிய நாட்டிலும் இதே கூச்சல்தான். 2005 ஓகஸ்ட் 29இல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளி வந்து நியூ ஓர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. நெஞ்சளவு தண்ணீரில் உணவுப் பொருளோடு நடந்த கறுப்பின இளைஞனின் படத்துக்குக் கீழே ‘கொள்ளையடித்துவிட்டு’ என்று ஒரு செய்தி நிறுவனம் எழுதியது. அதேபோல நடந்த வெள்ளையர் இருவரின் படத்துக்கு இன்னொரு நிறுவனம் பாணும் சோடாவும் ‘கண்டெடுத்த பின்’ என்று எழுதியது. விளையாட்டரங்கில் தஞ்சமடைந்த மக்களிடையே கொலையும் பாலியல் வன்முறையும் தலைவிரித்தாடுவதாக ஊர் முழுக்கப் பேச்சு. அதில் பெரும்பகுதி ஊதிப் பெருத்த வதந்தி என்று பிறகு தெரியவந்தது. ஆனால் வதந்தி சும்மா போகவில்லை. செப்டெம்பர் 4ஆம் திகதி டான்சிகர் பாலத்தில் ஆயுதமில்லாத மக்கள்மீது பொலிசார் சுட்டார்கள். இருவர் செத்தார்கள், நால்வர் காயப்பட்டார்கள். பிறகு அதை மூடி மறைத்தார்கள். முன்னாள் பொலிசார் ஐவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள 2016 ஆனது.

நமக்கும் பழக்கம்தான். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். அந்த ஒரு அறிவிப்போடு, சொந்த வளவில் நாலு கம்பு நட்டவனும் சட்டத்தை மீறியவன் ஆனான்.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்துப் பட்டியலை எழுதியவன் நான். வேறு யார்மீதும் பழி போட முடியாது. மழைக்குள் அவசரமாக, தோட்டத்துச் செக்ரோலையும் லயக் காம்பரா இலக்கத்தையும் வைத்து எழுதினேன். கீழ் டிவிசன் 76 காம்பரா, மேல் டிவிசன் 19 காம்பரா. மிச்சம் 25 மூட்டை கையிருப்பு. ஒரு காம்பராவுக்கு ஒரு மூட்டை.

லயம் எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியாது. ஒரு காம்பரா என்பது ஒரு சிறிய அறையும் முன்னால் ஒரு இஸ்தோப்பும். அதற்குள் தாய் தகப்பன் ஒரு அடுப்பு, மூத்த மகன் குடும்பம் ஒரு அடுப்பு, சில இடத்தில் மகள் குடும்பமும் ஒரு அடுப்பு. காம்பரா யார் பெயரில் என்றால், பெரும்பாலும் அதில் இருக்கிற யார் பெயரிலும் இல்லை, கம்பனிக்கு. வீட்டைச் சுத்தம் செய்ய அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபாவுக்கும் எங்கள் பக்கம் இதே இழுபறிதான். மூன்று அடுப்பை ஒரு வீடாக எழுதினால் அது யார் வீடு? இதை மேடைக்கு மேடை பேசுகிறவன் நான். பென்சிலை என் கையில் கொடுத்தபோது நானும் காம்பராவைத்தான் எண்ணினேன்.

மேல் டிவிசன் பாதையை மண் மூடி நாலு நாள். ஒரு சுண்டு அரிசி ஏறவில்லை. வேலையுமில்லை, பேர் போடாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அந்த நிலையில், ‘உங்களுக்கு 19 மூட்டைதான்’ என்ற செய்தி லொறிக்கு முன்னே போய்ச் சேர்ந்திருக்கிறது.

எடுத்துப் போன 38 மூட்டை என்னவானது? உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை, இஸ்தோப்பில் உட்கார்ந்து, ஒரு கொப்பியில் அடுப்பு வாரியாகப் பெயர் எழுதியிருக்கிறாள். 34 அடுப்பு, 34 மூட்டை, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்து அல்லது பெருவிரல் அடையாளம். என் பட்டியலைவிடச் சுத்தமான பட்டியல். மீதி நாலு மூட்டையை இரண்டு பேர் டவுனில் விற்றுக் குடித்திருக்கிறார்கள். அது களவு, அம்மா சொன்ன தகரம் மாதிரி. ஆனால் முறைப்பாட்டில் உள்ள மூன்று பெயரில் அந்த இருவரும் இல்லை! சாரதி முகத்தைக் கண்டது முன்னால் நின்று பேசியவர்களைத்தான்.

இனிச் சொல்லக் கூச்சமான பகுதி. லொறியில் மிஞ்சியது 82. கீழ் டிவிசனுக்கு 76 கொடுத்தோம். ஆறு மிச்சமிருக்க வேண்டும், ஸ்டோரில் இல்லை. பத்து நாளைக்குப் பிறகு எங்கள் கமிட்டி உறுப்பினர் ஒருவரின் வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருந்தது. “பத்திரமாக வைத்திருந்தேன்” என்றார். திருப்பித் தந்துவிட்டார். அதற்கு முறைப்பாடு இல்லை. கூட்டக் குறிப்பிலும் ஒரு வரி இல்லை.

கமிட்டி பிள்ளைக் காம்பராவில் கூடியது. மூன்று மணித்தியாலம் சண்டை. முப்பது வருடம் சங்கத்தில் இருக்கிற ஒரு பெரியவர், நான் மதிக்கிறவர், சொன்னார்: “இன்னைக்கு விட்டா நாளைக்கு எவன் நம்மள நம்பி லொறி அனுப்புவான்? பசின்னா கேக்கணும், மறிக்கக் கூடாது.” லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. அன்று 38 மூட்டை எடுத்தவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள். அடுத்த முடக்கில் நிற்பவர்கள் எப்படியோ? பலம் உள்ளவன் இறக்கிப் பங்கு போடுவது முறையானால், ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு என்ன கிடைக்கும்? எனக்கும் இதற்கு முழுப் பதில் இல்லை.

மேல் டிவிசனிலிருந்து வந்த கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் எழும்பினார். “கேக்கச் சொல்றீங்க. யாருகிட்ட கேக்குறது? ரோடு இல்ல, போன் இல்ல. லிஸ்டு மாஸ்டர் பையில இருக்கு.” அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முறைப்பாட்டை மீளப் பெற வேண்டும், நாலு மூட்டையின் விலையை அந்த இருவரிடம் அறவிட வேண்டும், ஆறு மூட்டையைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும், இனிமேல் பட்டியலை அடுப்பு வாரியாக எழுதி, பெரட்டுக் களத்திலும் கோயில் சுவரிலும் ஒட்டி, சத்தமாக வாசித்த பிறகே ஒரு மூட்டையை இறக்க வேண்டும் என்று நான் பிரேரித்தேன். கடைசி அம்சத்துக்கு எல்லாரும் கை தூக்கினார்கள். முறைப்பாட்டை மீளப் பெற ஐந்து கை, வேண்டாம் என்று ஏழு கை. “அரிசி நம்முடையது இல்ல. கொடுத்தவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு வாங்க சேர், மறுபடி வாக்கெடுப்போம்” என்றார் பெரியவர்.

அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தேன். அந்த மூன்று பையன்களுக்கும் வழக்கென்று ஒன்று பதிந்தால், வெளிநாட்டு வேலைக்கோ அரசாங்க வேலைக்கோ போகும் நாளில் பொலிஸ் அறிக்கையில் அது வந்து நிற்கும். என் நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டேன், ஆனால் பட்டியலைப் பிழையாக எழுதியவன் என்பதால் என் சொல்லுக்குப் பாதி நிறைதான். நீங்கள் அந்தப் பெரியவர் பக்கம் நின்றாலும் அப்படியே போய்ச் சொல்வேன்.

அந்தப் பிள்ளையின் கொப்பியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். மேசையில் என் பட்டியலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேத்தண்ணி குடித்துக்கொண்டே இரண்டையும் புரட்டிப் பாருங்கள். கொப்பியை நாளைக்கு அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதன் பின்பக்கத்தில் அவளுடைய இரசாயனவியல் குறிப்பு இருக்கிறது. பார்த்தபின் கூடி இருந்து பேசுவோம்.