அஞ்சும் உள்ளமும் அன்பின் வழியும்



இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாகப் பலாங்கொடைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ளது ஓப்பநாயக்க. ஒரு காலத்தில் களனிப் பள்ளத்தாக்கின் சிறு ரயில் அவ்வூர் வரை வந்து நின்றது. 1970களில் அப்பாதை மூடப்பட்டது. ரயில் போயிற்று, ஆனால் சுற்றியுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் நம் மக்களை விட்டு அச்சம் போகவில்லை. மழைக்காலத்தில் மண்சரிவு பற்றிய அச்சம். செய்வினை என்றும் முனி என்றும் மனம் கற்பிக்கும் அச்சம். இவை யாவற்றினும் கொடியது, மனிதனைக் கண்டு மனிதன் அஞ்சும் அச்சமே.

அதனைச் சபரகமுவத் தோட்டங்கள் நன்கறியும். 1981 ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். லயங்களும் கடைகளும் தீக்கிரையாயின. ஆண்டாண்டு காலமாக உழைத்த மலையை விட்டுப் பலர் வவுனியா வரை சென்று புகலிடம் தேடினர்.

இத்தகைய இரவில் காம்பிராக் கதவைத் தாழிட்டு, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நடுங்கும் தாயிடம், “விசுவாசம் இருந்தால் அஞ்சமாட்டாய்” என்று சொல்வது முறையாகுமா? ஆகாது. ஏனெனில் இயேசுபிரானே கெத்சமனே தோட்டத்தில் கலங்கினார். வரவிருந்த துன்பம் தம்மை விட்டு நீங்க வேண்டுமென மன்றாடினார். ஆதலின் அச்சம் பாவமன்று. அவர் அதனை மறைக்கவில்லை. பிதாவிடத்தில் கொண்டு சென்றார். துன்பம் நீங்கவில்லை, ஆனால் அதனை எதிர்கொள்ளும் உறுதி பிறந்தது. நம்பிக்கை என்பது ஆபத்து வாராது என்னும் உத்தரவாதமன்று. ஆபத்திலும் நாம் கைவிடப்படோம் என்னும் துணிவே அது.

தீமை நம்மை இருமுறை தாக்குகின்றது. முதலில் நம் உடலையும் உடைமையையும் தாக்குகின்றது. பின்னர், நம் உள்ளத்தினுள் புகுந்து பகையாய்க் குடியேறுகின்றது. அதே தோட்டத்தில், அதே இரவில், பேதுரு வாளை உருவி ஒரு வேலைக்காரனின் காதை வெட்டினார். தம்மைப் பிடிக்க வந்தவனின் காதை இயேசு தொட்டுக் குணமாக்கினார். தீமையின் இரண்டாவது தாக்குதல் அங்கே தோற்றது.

அப்படியாயின், அடிபட்டவன் வாய்மூடி இருக்க வேண்டுமா? இல்லை. அவ்விரவிலேயே, தம்மை அறைந்த காவலனிடம், எக்காரணம் பற்றி அறைந்தாய் என்று இயேசு நியாயம் கேட்டார். பகையின்றி நீதி கேட்பதே கிறிஸ்தவனின் வழி. பாதுகாப்பு வேண்டுவதும், முறையிடுவதும், உண்மையைச் சாட்சி கூறுவதும் அவ்வழியைச் சேர்ந்தவையே.

இவ்வழியில் தவறிழைத்த தரப்பாருக்கும் கடமை உண்டு. குருநாகல் அங்கிலிக்கன் அத்தியட்சராயிருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க சிங்களவர். 1983 ஜூலைக் கலவரத்தின் பின், தமிழருக்கு நேர்ந்த கொடுமைக்காகச் சிங்கள மக்கள் வெட்கமுற்று மன்னிப்புக் கோர வேண்டும் என்று தம் சபையாருக்கு எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே அவர் காலமானார். தம் சொந்த இனத்தாரின் முகம் கோணுமே என்று அஞ்சாமல் உண்மை பேசினாரே, அதுவும் அச்சத்தை வென்ற விசுவாசமன்றோ?

நேயர்களே, நம் தோட்டங்களில் கிறிஸ்தவர் சிறு தொகையினர். அடுத்த காம்பிராவில் மாரியம்மனை வணங்கும் குடும்பம் இருக்கலாம். கீழே சிங்களக் கிராமம் இருக்கலாம். மாலை ஜெபத்தை முடித்ததும் கதவை மட்டும் தாழிட்டுக்கொண்டால் அந்த ஜெபம் பாதியே. பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் முதியவளை, “அம்மா, நாங்கள் இருக்கிறோம்” என்று ஒரு குரல் அழைத்து விசாரிப்போம். கிராமத்தில் நல்ல அயலான் ஒருவன் இருப்பின் அவன் நட்பை அமைதியான நாளிலேயே பேணுவோம். இருளை நம்மால் ஒருநாளில் அகற்ற இயலாது. ஆயினும் அவ்விருளில் ஒருவரும் தனித்திராதபடி நாம் செய்யலாம். அதற்கான பெலனை ஆண்டவர் அருள்வாராக.