எள்ளும் கொள்ளும்

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. இதைக் கேட்டறியாத தமிழர் அரியர். ஆயினும் இதை எடுத்துச் சொல்வோரில் பலர் இதன் பின்பாதியை மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றனர். உடல் பருத்த ஒருவரைக் கண்டால், “கொள்ளுக் கஞ்சி குடியுங்கள், கொழுப்பெல்லாம் கரைந்துவிடும்” என்று உறுதி கூறுகின்றனர். பழமொழியோ அவ்வாறு உறுதி கூறவில்லை. இளைத்தவன் ஒருவன், கொழுத்தவன் ஒருவன். இருவருக்கும் ஒரே உணவு ஆகாது என்பதே அதன் கருத்து. ஆளைப் பார்த்து உணவைச் சொல்ல வேண்டும் என்று அது நமக்கு அறிவுறுத்துகிறது.

கணக்கிட்டுப் பார்த்தாலும் பழமொழியில் பொருள் இல்லாமல் இல்லை. நூறு கிராம் எள்ளில் 500 கலோரிக்கு மேற்பட்ட ஆற்றல் உண்டு. அதில் எண்ணெய் மிகுதி. நூறு கிராம் கொள்ளில் ஏறக்குறைய 330 கலோரியே உண்டு. அதில் புரதமும் நாரும் மிகுதி. ஆதலால் கொள்ளைச் சிறிதளவு உண்டாலும் வயிறு நிறைந்தது போன்ற உணர்வு ஏற்படுகிறது. ஆனால், அது உடலிற் படிந்த கொழுப்பைக் கரைக்கும் மருந்தன்று. சோற்றில் ஒரு பகுதியைக் குறைத்து அதற்கு ஈடாகக் கொள்ளை உண்டால் பயன் உண்டு. சோற்றையும் வழக்கம்போல் உண்டு, அதற்குமேல் கொள்ளையும் உண்டால், உண்ட உணவு கூடிற்றேயன்றிக் குறைந்ததாகாது.

கொள்ளுக்குச் சொன்னது, உடல் எடையைக் குறைப்பதற்கென்று இன்று நாடெங்கும் வழங்கும் அறிவுரைகள் பலவற்றிற்கும் பொருந்தும். உறவினர் சொல்கின்றனர், இதழ்கள் எழுதுகின்றன, கைப்பேசியைத் திறந்தால் ஆளுக்கொரு வழியை அறிவிக்கின்றனர். இவை உண்மையில் பயன் தருவனவா? தருமெனின், எல்லார்க்கும் ஒரே வகையில் பயன் தருமா? இதனையே இன்று நாம் சிறிது ஆராய்வோம்.

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மேலூரைக் கடந்து சென்றால் கொட்டாம்பட்டி என்னும் ஊர் வரும். அவ்வூரில் ஒரு குடும்பம் வாழ்வதாகக் கற்பனை செய்துகொள்வோம். தாய் நிலக்கடலைக் காட்டில் களை வெட்டுகிறாள். மூத்த மகன் சாலையோரக் கடையொன்றில் காலை முதல் இரவு வரை அமர்ந்து கணக்கு எழுதுகிறான். இளைய மகள் பதினாறு வயதினள், பள்ளியில் படிக்கிறாள். பாட்டி நீரிழிவும் மூட்டு வலியும் உடையவள். வீட்டை விட்டு அதிகம் வெளியே செல்வதில்லை. ஒரு நாள் யாரோ ஒருவர் வந்து, ஒரு தாளில் நான்கு குறிப்புகளை எழுதிக் கொடுத்துச் செல்கிறார்: சோற்றைப் பாதியாகக் குறையுங்கள், காலை உணவைத் தவறவிடாதீர்கள், நாள்தோறும் பத்தாயிரம் அடி நடங்கள், விடியற்காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சைச் சாறும் கலந்து பருகுங்கள்.

சோற்றைக் குறைத்தல் கடையில் அமர்ந்திருக்கும் மகனுக்கு நல்லதே. வெயிலில் குனிந்து நிமிர்ந்து உழைக்கும் தாய் அதனைப் பின்பற்றினால் நண்பகலுக்குள் சோர்ந்துவிடுவாள். வளரும் பருவத்திலிருக்கும் மகளுக்கு எலும்பும் இரத்தமும் உருவாகும் காலம் இது. அவள் தட்டிலிருந்து பாதியை எடுத்துவிடுவது தீங்காகும். பாட்டி உணவைக் கண்மூடிக் குறைத்தாளாயின், கொழுப்போடு தசையும் தேய்ந்துவிடும். முதுமையில் தசை தேய்ந்தால் தடுக்கி விழும் அச்சம் பெரிது. அன்றியும், நீரிழிவுக்கு மருந்து உண்பவர் திடீரென்று உணவைக் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குமீறித் தாழ்ந்துவிடவும் கூடும்.

தேனை எடுத்துக்கொள்வோம். தேனும் பெரும்பாலும் சர்க்கரையே. ஒரு தேக்கரண்டித் தேனில் ஏறக்குறைய இருபது கலோரி உண்டு. அது கொழுப்பைக் கரைப்பதில்லை. பாட்டிக்கு அது இரத்தச் சர்க்கரையைக் கூட்டவும் செய்யும். பத்தாயிரம் அடி என்னும் கணக்கும் மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றுக்குப் ‘பத்தாயிரம் அடி அளவி’ என்னும் பொருள்பட அவர்கள் மொழியில் பெயரிட்டனர். அப்பெயரே உலகெங்கும் பரவி விதி போல் ஆகிவிட்டது. நடத்தல் நன்று; அதில் ஐயமில்லை. ஆனால், பத்தாயிரத்திற்கு ஓரடி குறைந்தாலும் பயனில்லை என்று எண்ணுவது தவறு. மூட்டு வலியுள்ள பாட்டிக்கு வீட்டு முற்றத்தில் நடக்கும் ஆயிரம் அடியும் ஊதியமே.

காலை உணவைப் பற்றியும் ஒரு சோதனை நடந்துள்ளது. முந்நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு 16 வாரம் நிகழ்ந்த அந்த ஆராய்ச்சியின் முடிவு 2014-இல் வெளிவந்தது. காலையில் உண்ணுமாறு சொல்லப்பட்டவர்க்கும் உண்ண வேண்டா என்று சொல்லப்பட்டவர்க்கும் இடையே எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பள்ளி செல்லும் பிள்ளை பசியோடு வகுப்பில் அமர்தல் கூடாது என்பது வேறு செய்தி. அதனைப் படிப்பின் பொருட்டும் வளர்ச்சியின் பொருட்டும் சொல்லலாம். எடை குறையும் என்று சொல்லுதல் பொருந்தாது.

தொழிலும் வயதும் நோயும் வேறுபடுவதால்தான் பயனும் வேறுபடுகிறதோ என்று நீங்கள் கேட்கலாம். அவையெல்லாம் ஒத்திருந்தால் பயனும் ஒத்திருக்குமா? கனடா நாட்டில் கிளோட் பூஷார் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் இதனைச் சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டனர். உருவொத்த இரட்டையரான இளைஞர் 12 இணையினரை ஓரிடத்தில் தங்கவைத்து, ஒவ்வொருவருக்கும் அவர் தேவைக்குமேல் நாளொன்றுக்கு ஆயிரம் கலோரி மிகுதியாக 84 நாள் உணவளித்தனர். மிகுதியாக உண்ட அளவு எல்லார்க்கும் ஒன்றே. ஆயினும் ஒருவர்க்கு எடை 4.3 கிலோதான் கூடிற்று, மற்றொருவர்க்கு 13.3 கிலோ கூடிற்று. இன்னொரு புதுமையும் உண்டு. ஓரிணையைச் சேர்ந்த இருவரும் பெரும்பாலும் ஒத்த அளவிலேயே பருத்தனர். பிறப்போடு வந்த உடற்கூறு இதில் பெரும்பங்கு கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

உணவைக் குறைப்பதிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கொழுப்பையும் மற்றொரு பிரிவினரை மாவுச்சத்தையும் குறைத்து உண்ணச் செய்து, ஓராண்டுக்குப் பின் நிறுத்துப் பார்த்தனர். 2018-இல் வெளிவந்த முடிவின்படி, இரு பிரிவிலும் சராசரியாக ஐந்தாறு கிலோ குறைந்திருந்தது. எந்த முறை சிறந்தது என்னும் வழக்கு ஏறக்குறையச் சமநிலையில் முடிந்தது. ஆனால், அந்தச் சராசரிக்குள் மறைந்திருந்தவர்களை நோக்குங்கள். இரு பிரிவிலும் சிலர் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் குறைந்தனர்; சிலர்க்கோ முன்னிருந்ததைவிட எடை கூடிவிட்டது. சராசரி என்பது ஆற்றின் ஆழத்தைப் போன்றது. சராசரி ஆழம் முழங்காலளவு என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன், நடுவில் உள்ள மடுவைப் பற்றி அறிந்தவன் ஆகான்.

உணவைக் குறைத்தவுடன் உடலும் வாளா இருப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவுக் காலத்தில், 1944, 1945 ஆகிய ஆண்டுகளில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார் 36 இளைஞர்களைத் தன்விருப்பின்பேரில் அரைப்பட்டினி இருக்கச் செய்து ஆராய்ந்தார். அவர்கள் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தனர். ஆனால், குடும்பத் தலைவி வருவாய் குறைந்ததும் வீட்டுச் செலவைச் சுருக்குவது போல, அவர்கள் உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. அவர்களுக்கு உடல் குளிர்ந்தது, ஊக்கம் தளர்ந்தது, எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவே மனத்தை ஆட்கொண்டது. கடும்பட்டினியால் மெலிந்தவர் பின்னர் மீண்டும் பருப்பதற்கு மனவுறுதிக் குறைவு ஒன்றையே காரணமாகக் கூறிப் பழிப்பது எவ்வளவு அநீதி என்பதை இதனால் உணரலாம்.

இனி, நம் நாட்டு மக்களின் உடலமைப்பில் உள்ள ஒரு தனித்தன்மையைக் காண்போம். புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக் என்பாரும் அவரோடு சேர்ந்தவர்களும், அங்குப் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தில் சௌதாம்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-இல் முடிவை அறிவித்தனர். நம் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தையின் எடை 3.5 கிலோ. தசையில் நம் குழந்தை பெரிதும் குறைந்திருந்தது. கொழுப்பிலோ அவ்வளவு குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. இத்தகைய காரணங்களால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, உயரத்திற்கேற்ற எடையைக் காட்டும் எண், பிறருக்கு 25 ஆகும்போது தேவைப்படும் எச்சரிக்கை ஆசிய மக்களுக்கு 23 ஆகும்போதே வேண்டும் என்று 2004-இல் கூறிற்று. நிறைகோல் சொல்வது முழு உண்மையன்று. நம்மவர்க்கு இடுப்பைச் சுற்றி அளக்கும் நாடாவும் வேண்டும். ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

இவற்றையெல்லாம் கேட்டபின், “அப்படியானால் எந்த அறிவுரையாலும் பயனில்லையா?” என்று சிலர் மனம் தளரக்கூடும். அவர்களுக்காகவே சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியை இறுதியாகச் சொல்கிறேன். மருத்துவர் ஏ. இராமச்சந்திரனும் குழுவினரும் நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் ஒரு பிரிவினர்க்கு, சர்க்கரையையும் தீட்டிய மாவுப் பண்டங்களையும் கொழுப்பையும் குறைக்கவும், நார் மிகுந்த உணவை உண்ணவும், நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கவும் அறிவுரை கூறப்பட்டது. முன்னரே உடலுழைப்பு உடையவர்களை, அதையே தொடருங்கள் என்றனர். ஆளறிந்து சொன்ன அறிவுரை என்பது இதுவே.

மூன்றாண்டுக் கணக்கில், அறிவுரை பெறாத பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் உழைப்பையும் திருத்திக்கொண்ட பிரிவில் நூற்றுக்கு 39 பேரே ஆளாயினர். இதில் வியப்புக்குரியது யாது? இப்பிரிவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை! நிறைகோலை மட்டும் நம்பியிருந்தால், இம்முயற்சி தோல்வி என்று எழுதி மூடியிருப்பர். நிறைகோலின் முள் அசையாத காலத்திலும் நல்ல பழக்கம் உடலுக்குள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மாணவ மாணவியரே! உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது சிலவே. உடன்பயில்வோர் கேலி செய்கின்றனர் என்பதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். வளரும் வயதில் அது எலும்பையும் அறிவையும் ஒருங்கே வாட்டும். ஏழு நாளில் ஐந்து கிலோ குறைந்தது என்று ஒருவர் சொன்னால், அதில் பெரும்பகுதி உடலிலிருந்து வெளியேறிய நீரே என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஒரு கிலோக் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அது ஏழு நாளில் ஐந்து கிலோவாகக் கரைய வழியில்லை. காரணமின்றி எடை கூடினாலோ குறைந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். தைராய்டு சுரப்பியின் குறையும், வேறு நோய்க்கு உண்ணும் சில மருந்துகளும்கூட எடையை மாற்றவல்லவை. உங்களைவிடப் பருத்த தோழனைச் சோம்பேறி என்று எண்ணாதீர்கள். அவன் உடலின் கணக்கு வேறு. உங்கள் உடலின் கணக்கு வேறு.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவன் நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்தே செயற்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். கொட்டாம்பட்டிக் குடும்பத்திற்கு எழுதப்பட்ட அந்தத் தாளை அவரிடம் காட்டினால், அதனை நான்காகக் கிழித்து நான்கு பேருக்கும் தனித்தனியே எழுதச் சொல்லியிருப்பார். மகனுக்கு நடையும் அளவான சோறும். தாய்க்கு உழைப்புக்கேற்ற உணவும் ஓய்வும். பாட்டிக்கு மருத்துவரைக் கேட்டு அமைத்த உணவும் இயன்ற அளவு நடையும். பதினாறு வயது மகளுக்கு? வயிறார உண்ணும் உணவும், ஓடி விளையாட ஓரிடமும், அவள் உடலைப் பற்றி எவரும் ஏளனம் பேசாத ஒரு வீடும்.