மாமரத்தின் மேல் விழுந்த பழி

வீட்டிலே ஒரு பொருள் பழுதுபட்டால், அது எதனால் பழுதுபட்டது என்று கேட்பதற்கு முன்னே, யாரால் பழுதுபட்டது என்று கேட்பது மனித இயல்பு போலும். அந்த இயல்புக்கு நானும் விலக்கல்லன். என் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் படம் அடிக்கடி நின்றுபோனதற்குப் பக்கத்து வீட்டு மாமரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன்; விசாரணை எதுவுமின்றித் தண்டனையும் அளித்தேன். மாணவ நேயர்களே, அந்தக் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

நான் குடியிருப்பது கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில். மொட்டைமாடியில் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு டிஷ், அதாவது தட்டு, பொருத்தியிருக்கிறேன். 2021-ஆம் ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மழையோடுதான் எங்கள் வீட்டுத் தொல்லையும் தொடங்கியது. நான்கு தூறல் விழுந்தால் போதும். செய்தி வாசிப்பவரின் முகம் சதுரம் சதுரமாக உடையும். குரல் துண்டு துண்டாகும். பிறகு 'சிக்னல் இல்லை' என்ற எழுத்துகள் மட்டும் திரையில் நிற்கும்.

படம் தெரியாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பகுதியில் குடி முழுகத்தான் செய்தது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலை எட்டரை மணி வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மேற்கே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அன்றிரவு மின்சாரம் நிற்பதற்கு முன்பே எங்கள் வீட்டுப் படம் நின்றுவிட்டது. பரணிலிருந்து இறக்கிய பழைய டிரான்சிஸ்டரில், 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலியைக் கேட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். செய்தி எப்போது மிகுதியாக வேண்டுமோ, அப்போது பார்த்து மறைகின்ற கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2021-லும் எனக்கு அந்த அச்சம்தான்.

விண்ணப்பம் கொடுத்ததன்பேரில் பழுது பார்ப்பவர்கள் மூன்று முறை வந்தார்கள். மூவரும் தட்டைச் சிறிது திருகினார்கள், படம் வந்தது, போய்விட்டார்கள், மறுவாரம் பழைய குருடி கதவைத் திறந்தாள். மூன்றாமவர் மட்டும் இறங்கும்போது தென்கிழக்கே கைகாட்டி, "அந்த மரம் மறைக்கிறது போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். 'போலிருக்கிறது' என்ற சொல்லை நான் காதில் வாங்கவில்லை. அடுத்த வீட்டு அம்மையாரிடம் சென்று முறையிட்டேன். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். தம் கணவர் நட்ட மரம் அது. சற்று நேரம் பேசாதிருந்து, "உங்களுக்குத் தொந்தரவு என்றால் அந்தப் பக்கத்துக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி" என்றார். மறுநாளே ஆள் வைத்துக் கிளையை இறக்கினேன்.

தொல்லை அப்படியே இருந்தது.

இன்னொரு கிளையும் போகவேண்டும் என்று நான் கேட்டபோது அந்த அம்மையார் மறுத்துவிட்டார். அவர் பேத்தி, ஒன்பதாம் வகுப்பு மாணவி, அருகில் நின்றிருந்தாள். "மரம்தான் மறைக்கிறது என்று எப்படித் தெரியும், தாத்தா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது. வீடு திரும்பிய பிறகுதான், அந்தத் தட்டு எதைப் பார்க்கிறது என்பதையே நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது உறைத்தது.

அது எதைப் பார்க்கிறது? நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருளைச் சுழலவிட்டால், பூமி தன்னைத்தானே சுற்றும் வேகத்துக்கு ஈடாக அதுவும் சுற்றிவரும். ஆகவே நம் கண்ணுக்கு அது வானத்தில் ஓரிடத்திலேயே நிற்பதாகப்படும். அத்தகைய கோள்களைக் கொண்டு உலகெங்கும் ஒலி, ஒளி பரப்பலாம் என்று 1945-ல் ஆர்தர் கிளார்க் என்ற ஆங்கிலேயர் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பத்திரிகையில் எழுதினார். பிற்காலத்தில் அவர் இலங்கையில் குடியேறிக் கொழும்பிலேயே வாழ்ந்தார். அவருடைய கனவை நம் நாடு சோதித்துப் பார்த்தது 1975-ல். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ஓராண்டுக் காலம், ஏ.டி.எஸ். 6 என்ற அமெரிக்கச் செயற்கைக் கோளின் வழியாக, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி வந்தது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. எனினும் இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்டு 15-ல், சென்னையில் தரைவழித் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று.

அந்தக் கிராமங்களில் நிறுத்திய தட்டு எப்படி இருந்தது தெரியுமா? மூன்று மீட்டர் அகலம். தகடு கூட அன்று, கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலை! அதன் ஓட்டைகளின் வழியே அலை ஓடிவிடாதா என்றால், ஓடாது. அந்த அலையின் நீளம் 35 சென்டிமீட்டர். வலைக்கண்ணோ மிகச் சிறியது. மழைத்துளி அந்த அலைக்கு ஒரு பொருட்டே அன்று. பின்னர், 1990-களில், தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் கேபிள்காரர்கள் மாடிகளில் ஏற்றி வைத்த பெருந்தட்டுகளுக்கு வந்த அலை ஏழரை சென்டிமீட்டர். நம் வீட்டுச் சிறு தட்டுக்கு வருவது ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். அலை குறுகக் குறுகத் தட்டும் குறுகலாம். வீட்டுக்கு வீடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் குறுகிய அலையைச் சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும். தூறல் ஒன்றும் செய்யாது. இடியோடு கொட்டுகின்ற மழை செய்யும். 720 கிலோஹெர்ட்ஸ் வானொலி அலையின் நீளம் ஏறத்தாழ 417 மீட்டர். அது மழைக்கு அசையாததில் வியப்பென்ன?

மேலும், கோளிலிருந்து ஒரு வழித்தடத்தில் புறப்படும் ஆற்றல் நூறு, நூற்றைம்பது வாட். நம் வீட்டு மின்விசிறிகள் இரண்டு உண்ணுகின்ற மின்சாரம். அதுதான் பாரதம் முழுவதற்கும் பரந்து, நம் தட்டுக்கும் ஒரு துளி வந்து சேர்கிறது. அதைக்கொண்டு இத்தனை தெளிவான படம் வருவதே எனக்கு வியப்பாக இருக்கிறது. பழைய முறையில் அலை மெலிந்தால் படம் மங்கும், புள்ளி விழும். ஆயினும் ஒருவாறு தெரியும். இன்றைய எண்முறையிலோ, ஓரளவு வரை குறையே தெரியாது; அந்த அளவுக்குக் கீழே வந்ததும் ஒரேயடியாக இல்லை. கிணற்றங்கரை வரையில் சமதரை. அடுத்த அடி கிணறு. எங்கள் தட்டு எப்போதும் கிணற்றங்கரையிலேயே நின்றுகொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

இவ்வளவையும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, படம் நின்ற நாள், மணி, வானத்தின் நிலை, காற்று ஆகியவற்றை எழுதச் சொன்னாள். பள்ளி விட்டு வந்ததும் அவளே வந்து சரிபார்ப்பாள். மார்கழியும் தையும் கழிந்த பிறகு நாங்கள் இருவரும் அதைப் புரட்டினோம். பெருமழையில் படம் நின்றது உண்மை. ஆனால் மழை விட்டு இரண்டு நாள் வரையில் சில சேனல்கள் வராமலே இருந்தன. மழைத்துளி காரணமாயின் மழையோடு போயிருக்கவேண்டும். பனி பெய்த காலைகளில் ஒன்பது மணி வரையில் படம் உடைந்தது. வெயில் ஏறியதும் தானே சரியாயிற்று. காற்றடித்து மாமரம் பேயாட்டம் ஆடிய உலர்ந்த பிற்பகல்களிலோ படம் அசையவே இல்லை. மரத்தின் தரப்பில் இது வலுவான சாட்சிதான். ஆயினும் வழக்கில் பிடிவாதக்காரனாகிய நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஈரமான இலைகள் அலையை மறைக்குமே என்றேன். அது பொய்யும் அன்று. மரம் உண்மையிலேயே குறுக்கே நின்றால் மறைக்கத்தான் செய்யும்.

தீர்ப்பைச் சூரியனே சொன்னான். மார்ச் மாத நடுவில், சில நாள் தொடர்ந்து, முற்பகல் பதினொன்றேகால் மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் படம் உடைந்தது. வானத்தில் ஒரு மேகமில்லை. இது பழுதன்று. நம் ஊரிலிருந்து பார்க்கும்போது, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் அந்தக் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் இவ்வகை அலைகளை வீசுவதால் கோளின் மெல்லிய குரல் அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போகும். நல்ல நிலையில் உள்ள தட்டில் இது தெரியாமலேகூடப் போகலாம், எங்களுடையது நலிந்திருந்தது. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் இடைமறித்தாள்: "அப்படியானால், தாத்தா, அந்த நேரத்தில் மாமரத்தின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதுமே!"

நான் வாயடைத்துப் போனேன். மறுநாள் ஞாயிறாக இருந்தது நல்லதாயிற்று. பதினொன்றேகாலுக்கு மூவரும் மாடியில் நின்றோம். அந்த அம்மையாரும் முழங்கால் வலியோடு படியேறி வந்திருந்தார். கீழே படம் உடையத் தொடங்கியதாக என் மனைவி குரல் கொடுத்தாள். தட்டின் மேல் முழு வெயில். அதன் எதிரே நீண்ட கையின் நுனியில் இருக்கும் எல்.என்.பி.யின் மூடி, தட்டில் பட்டுக் குவிந்த ஒளியால் பளிச்சென்றிருந்தது. மாமரத்தின் உச்சிக்கொம்பின் நிழலும் கைப்பிடிச் சுவருக்கு அப்பால், தட்டுக்கு நான்கடி தள்ளியே கிடந்தது.

என் கண் என்னை ஏமாற்றியது எப்படி? தட்டின் முகம் மரத்தை நோக்கியிருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் இவ்வகைத் தட்டு தன் முகத்துக்கு நேரே பார்ப்பதில்லை; இருபது பாகைக்கும் மேலாக உயர்த்திப் பார்க்கிறது. எங்கள் தட்டு நாடும் கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் இருப்பது. தாம்பரத்திலிருந்து தென்கிழக்கே, அடிவானுக்கு மேல் 68 பாகை உயரம். மாமரம் அந்தப் பார்வைக்கு எவ்வளவோ கீழே.

பிறகு உண்மைக் குற்றவாளியைப் பிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்.என்.பி. என்பது கோளின் அலையைக் குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றிக் கேபிள் வழியே கீழே அனுப்பும் கருவி. அது இயங்குவதற்கான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் அதே கேபிள் வழியாகக் கீழேயுள்ள பெட்டியிலிருந்து மேலே செல்கிறது. இரண்டும் கைமாறும் இடம் கட்டைவிரல் நுனியளவுள்ள ஒரு கனெக்டர். அதைத் திருகிக் கழற்றினேன். உள்ளே பச்சைக் களிம்பு; செப்புக் கம்பி பாதி அரித்திருந்தது; கேபிளின் பின்னல் ஈரமாயிருந்தது. ரப்பர் உறை போடாமல் விட்டதால் மழையும் பனியும் உள்ளே இறங்கியிருக்கின்றன. வந்தவர்கள் தட்டைத் திருகியதெல்லாம் கேபிள் சற்று அசைந்து தற்காலிகமாகத் தொடர்பு ஏற்படுத்தியதன்றி வேறல்ல. அத்துடன் குறியும் சற்று விலகியிருந்தது. 60 சென்டிமீட்டர்த் தட்டின் விளிம்பு ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே, கிடைக்கும் ஆற்றலில் பாதி போய்விடும்.

கேபிளின் கெட்ட நுனியை ஓரடி வெட்டியெறிந்து, புதிய கனெக்டர் போட்டு, நீர் புகாத நாடாவைச் சுற்றினோம். கேபிளை நேரே இழுக்காமல், கனெக்டருக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டோம். வழிகின்ற நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். தட்டைத் திரும்பவும் குறிபார்த்து, தாங்கியின் போல்ட்டுகளை முறுக்கினோம். செலவு நூறு ரூபாய்க்குள். பெருமழையின்போது இன்றும் கால்மணி நேரம், அரைமணி நேரம் படம் நிற்கிறது. 90 சென்டிமீட்டர்த் தட்டு வைத்தால் இருமடங்குக்கு மேல் அலை திரளும், நிற்பது குறையும். நான் வைக்கவில்லை. டிரான்சிஸ்டருக்குப் புதிய பாட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.

அரித்துப்போன கனெக்டரை அந்தப் பெண் பள்ளியில் காட்டவென்று கேட்டு வாங்கிக்கொண்டாள். சித்திரை பிறந்ததும், ஆண்டுதோறும் வருவதுபோல், அடுத்த வீட்டிலிருந்து மாங்காய்க் கூடை வந்தது. வழக்கத்தைவிடச் சிறிய கூடை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள்தான் வெள்ளையாகச் சொன்னாள், அதிகம் காய்ப்பது அந்தக் கிளைதான் என்று.