கொடிவழியில் எழுதாத உறவு

சித்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வம்ச விருட்சம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அடிமரத்தில் கொள்ளுப்பாட்டனார் பெயர். அதற்கு மேல் பிள்ளைகளும் பேரர்களும் கிளை கிளையாகப் பிரிகின்றனர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கு அப்பால் போய்விட்ட கிளைகளையும் எழுதியவர் விட்டுவிடவில்லை. பிறந்து பத்து நாளில் மறைந்த குழந்தைக்கும் அதில் ஓர் இலை உண்டு.

எங்களை வளர்த்த அத்தைக்கு மட்டும் அதில் இடமில்லை. அவர் முறைப்படி எங்களுக்கு அத்தை அல்லர். அடுத்த வீட்டிலிருந்த தெலுங்கு பேசும் அம்மையார். எங்கள் தாயார் நோயுற்றுக் கிடந்த இரண்டு ஆண்டுகளும் எங்களுக்குத் தலைவாரிச் சோறிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர் அவரே. அவர் காலமான அன்று, நாம் தீட்டுக் காப்பதா என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. பங்காளியும் அல்லர், சம்பந்தியும் அல்லர். ஆகவே தீட்டு இல்லை என்றார் பெரியவர் ஒருவர். சாத்திரப்படி அவர் கூறியது சரியே. ஆயினும் அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட எவருக்கும் கை எழவில்லை.

குருதியாலும் திருமணத்தாலும் வந்த உறவைக் கொடிவழி காட்டும். அன்பினால் வந்த உறவை எங்கே எழுதி வைப்பது? இதுபற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

எவரையும் முறை வைத்து அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தமிழில் முறை என்பதைத் தெலுங்கில் ‘வரச’ என்பர். அக்கா, மாமா என்னும் சொற்கள் இரு மொழிக்கும் பொதுவாய் இருப்பதால் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவரை இரண்டு நாளில் ஏதேனும் ஒரு முறைக்குள் சேர்த்துவிடுவார்கள். இது வாய் உபசாரம் அன்றோ எனின், பெரும்பாலும் உபசாரமே. கடைத்தெருவில் அண்ணா என்று விளிக்கப்படுபவரெல்லாம் அண்ணனாகிவிடுவதில்லை. அவ்வழைப்பு உறவாக முதிர்வது, ஒருவருக்கொருவர் சீர் போய்வரத் தொடங்கும்போதுதான். இவ்வுண்மையைத் திருப்பதி நன்கு அறியும்.

வேங்கடவன் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். தல புராணத்தின்படி அவனுக்குத் தாயாக நின்றவள் வகுளமாலிகை. அவள் பெற்ற தாய் அல்லள். பெண் கேட்டு ஆகாசராசன் அரண்மனைக்குச் சென்றவள் அவளே. மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையலை மேற்பார்க்கும் தாயாக அவளை இன்றும் வைத்திருக்கிறார்கள்; திருப்பதியை அடுத்த பேரூர்க் குன்றில் சிதைந்து கிடந்த அவள் கோயில் புதுப்பிக்கப்பெற்று 2022-இல் குடமுழுக்குக் கண்டது. அவள் கேட்டுச் சென்ற பெண்ணோ, ஆகாசராசன் தாமரையில் கண்டெடுத்து வளர்த்த பத்மாவதி. ஆக, வளர்ப்புத் தாய் சென்று வளர்ப்பு மகளைக் கேட்ட திருமணம் அது!

அடுத்தது தாதய்யகுண்ட கங்கம்மை. அவள் திருப்பதி ஊரின் காவல் தெய்வம். மலைமேல் ஆகம முறைப்படி பூசை கொள்ளும் பெருமாளுக்கும், மே மாதத்தில் பல நாள் மக்கள் வேடம் புனைந்து கொண்டாடும் இக்கிராம தேவதைக்கும் வழிபாட்டு முறையில் ஒற்றுமை மிகக் குறைவு. எனினும் ஊரார் அவளை வேங்கடவனின் தங்கை என்று முறை வைத்தனர். வைத்ததோடு விடவில்லை. ஆண்டுதோறும் அவள் சாத்திரையின்போது மலைக்கோயிலின் சார்பில் புடவை, மஞ்சள், குங்குமம் அடங்கிய சீர் வருகிறது. தெலுங்கில் அதனைச் ‘சாரெ’ என்பர். ஆண்டு தவறாது அண்ணன் வீட்டுத் தட்டு வந்து இறங்கும் இடத்தில், இவள் எவ்வாறு தங்கையானாள் என்று கேட்பவர் இல்லை. கடப்பையில் இன்னும் வியப்பு. நாச்சியாரைத் தம் குலப்பெண்ணாகக் கொண்டு, வேங்கடவனைத் தம் வீட்டு மருமகன் என்று கருதும் இஸ்லாமியர் யுகாதி நாளன்று தேவுனி கடப்பைக் கோயிலுக்கு வந்து வணங்குகின்றனர்.

இவை புராணமும் வழக்கமும் ஆகும். மனிதர் வரலாற்றில் திருமலை நம்பியைச் சொல்ல வேண்டும். அவர் இராமானுசருக்கு மாமனும் ஆசானும் ஆவார். நாள்தோறும் பாபவிநாசத்திலிருந்து குடம் சுமந்து வந்து இறைவனுக்கு நீராட்டத் தண்ணீர் தருவது அவர் மேற்கொண்ட பணி. முதுமையில் ஒருநாள் அவர் வரும் வழியில் வேடச் சிறுவன் ஒருவன் ‘தாத்தா’ என்று அழைத்துத் தண்ணீர் கேட்டதாகவும், குடத்து நீரைப் பருகிவிட்டு, மலைப்பாறையில் அம்பெய்து அருகிலேயே ஆகாச கங்கையை வரவழைத்துக் கொடுத்ததாகவும் குருபரம்பரைக் கதை கூறும். அந்த ஒரு சொல்லால் அவர் மரபினர் தாத்தாசாரியார் எனப்பட்டனர். மலையில் தண்ணீரமுது உற்சவம் இன்றும் நடைபெறுகிறது.

அந்நம்பியைப் பற்றிய மற்றொரு கதை நம் நெஞ்சை உறுத்துவது. கோவிந்தர் என்னும் சீடர் நம்பிக்குப் பணிவிடை செய்து வந்தார். இராமானுசர் அவரைத் தமக்குத் தருமாறு வேண்ட, நம்பியும் தந்துவிட்டார். பிரிவாற்றாத கோவிந்தர் முகம் வாடி மீண்டும் நம்பியின் வாயிலில் வந்து நின்றபோது, நம்பி அவரை உள்ளே அழைக்கவில்லை. ஒரு வாய் உணவும் இடவில்லை. விற்ற பசுவுக்கு விற்றவன் புல்லிடுவதுண்டோ என்பது அவர் கருத்து. கோவிந்தர் பின்னர் எம்பார் என்னும் பேராசிரியராக விளங்கினார். முடிவு நன்றே, எனினும் நம்பியின் செயலை ஒப்ப எமக்கு மனம் வரவில்லை. தேர்ந்துகொண்ட உறவு பட்டுப்போன்றது என்று பேசுவோர், வாசலில் நின்ற அம்முகத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அறமன்றம் ஏறிய வழக்கும் எங்கள் பக்கத்தில் உண்டு. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்க்கப்பெற்ற மதனப்பள்ளி, ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-இல் பிறந்த ஊர். பத்து வயதில் தாயை இழந்த அவரையும் அவர் தம்பியையும் அன்னி பெசன்ட் அம்மையாரின் பொறுப்பில் ஒப்படைத்து 1910-இல் தந்தை கையெழுத்திட்டார். 1912-இல் மனம் மாறி, பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தார். சென்னையில் தந்தை வென்றார். 1914-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பைத் தள்ளியது. இங்கிலாந்தில் இருந்த அப்பிள்ளைகளின் விருப்பம் அறியப்படவில்லை என்பதும் அங்கே எடுத்துக்கொள்ளப்பட்டது. கிருஷ்ணமூர்த்தி பெசன்ட்டை அம்மா என்றே அழைத்தவர். ஆனால் பெற்ற தந்தையின் துயரத்தையும் சிறிதென்று தள்ளுவதற்கில்லை.

இன்றைய சட்டமும் சிறிது சிறிதாக இவ்வழியே வருகிறது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில், நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர், அன்பும் பற்றும் காரணமாக உறுப்புத் தர முன்வந்தால் அதற்கெனக் குழு ஒன்றின் முன்னனுமதி பெற வேண்டும் என்றிருக்கிறது. விலைக்கு விற்பதைத் தடுக்க அக்கண்டிப்புத் தேவையே. 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டத்தின்படி, வயது வந்த எவரும் தம் சார்பில் பேச ஒருவரை எளிய தாளில் எழுதி நியமித்துக்கொள்ளலாம். அவர் உறவினராய் இருத்தல் வேண்டுமென்பதில்லை.

சமூகப் பணியாளர் கையாளும் படம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பேராசிரியை ஆன் ஹார்ட்மன் 1975-இல் வகுத்தது அது. நடுவில் ஒரு வட்டமிட்டு நம் வீட்டாரை எழுத வேண்டும். சுற்றிலும் சிறு வட்டங்களில் நம்மைச் சார்ந்தவர், நாம் சார்ந்தவர், அண்டை அயல், பள்ளி, கோயில் எல்லாம் வரும். உறுதியான பிணைப்புக்குத் தடித்த கோடு, மெலிந்ததற்குப் புள்ளிக்கோடு, மனக்கசப்பு உள்ளதற்குக் கோட்டின்மேல் குறுக்குக் கீற்றுகள். உதவி எப்பக்கம் செல்கிறதோ அப்பக்கம் அம்புக்குறி இட வேண்டும். ஒரு தாளும் எழுதுகோலும் போதும். உண்மையை எழுதும் துணிவுதான் அரிது.

ஒரு ஞாயிறன்று நாங்கள் உடன்பிறந்தார் கூடி அமர்ந்து எங்கள் வீட்டுக்கு அவ்வாறு ஒரு படம் எழுதினோம். வம்ச விருட்சத்தில் பெருங்கிளையாய்ப் படர்ந்த சிற்றப்பா வீட்டுக்குப் புள்ளிக்கோடே கிடைத்தது. மற்றொரு பெயருக்குக் கீற்றுப் போடுவதா வேண்டாவா என்று அரைமணி நேரம் வாதிட்டு, கடைசியில் போட்டோம். அத்தைக்குத் தடித்த கோடு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அம்புக்குறி இடும்போதுதான் கை நின்றது. அம்புகள் யாவும் எங்களை நோக்கியே வந்தன. அவர் உயிரோடிருந்த காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு தீபாவளிப் புடவையேனும் போயிற்றா என்று எண்ணிப் பார்த்தோம். எவருக்கும் நினைவில்லை.

அத்தையின் ஒரே மகள் திருப்பதியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அடுத்து வந்த கங்கம்மை சாத்திரையின்போது ஒரு தட்டில் புடவை, மஞ்சள், குங்குமம், வெற்றிலைபாக்கு வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மாமியார் தட்டைப் பார்த்துவிட்டு, எந்த வரசையில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். அத்தை மகள் என்று சொன்னால் முறைப்பெண் என்றாகிவிடும்! நாங்கள் சற்று விழித்து, “தங்கை” என்றோம். அம்மையார் சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பி, மருமகளின் அண்ணன்மார் வந்திருக்கிறார்கள், இலை போடுங்கள் என்றார்.